கழுநீரும் வெந்தயக் கீரையும்: மாணாக்கர் சோதனைக்குச் சில வழிகள்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளை நம் நாட்டினர் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகின்றனர். சர் சி. வி. இராமன் அவர்கள் 1928ஆம் ஆண்டு அதே நாளில் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் உண்மையின் நினைவாக, 1987 முதல் இவ்விழா நடைபெற்று வருகிறது. அந்நாள் நெருங்க நெருங்க, நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலெல்லாம் விஞ்ஞானக் கண்காட்சி என்னும் பேச்சு எழும். உடனே பெற்றோர் எழுதுபொருட் கடைக்கு விரைவர். எரிமலையும் சூரிய மண்டலமும் காற்றாலையும் அங்கே ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கும். பிள்ளை அவற்றுள் ஒன்றைத் தூக்கிச் சென்று மேசைமேல் வைத்து, மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களை ஒப்புவித்துத் திரும்பும். மறுநாள் அப்பொருள் பரண்மேல் ஏறும்.

பொம்மை செய்வது குற்றமன்று. கைத்திறன் வளரும்; கண்ணுக்கும் அழகாக இருக்கும். ஆயினும் அதனை விஞ்ஞானம் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவதே பெருங்கேடு. பிறர் கண்டறிந்த ஒன்றைப் பார்த்துச் செய்தல் வேறு; தமக்குத் தெரியாத ஒன்றைத் தாமே கேட்டுத் தாமே சோதித்து அறிதல் வேறு. பின்னதற்குப் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. ஒரு நல்ல கேள்வியும், பொறுமையும், நேர்மையும் போதும். நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவ்வழியை எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியைக் குறுக்குக

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பிற் பயிலும் நம் மூத்த மகள், கண்காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அப்போது நம் தாயார் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அக்கழுநீரை அவர் ஒருபோதும் வீணாக்குவதில்லை. முற்றத்திலுள்ள கறிவேப்பிலைத் தொட்டிக்கே ஊற்றுவார். “கழுநீர் ஊற்றினால்தான் செடி செழிக்கும்” என்பது அவருடைய உறுதியான கொள்கை. இது மெய்தானா என்பதையே கேள்வியாக எடுத்துக்கொள்ளலாமே என்றோம்.

ஆனால், “கழுநீர் செடிக்கு நல்லதா?” என்பது சோதிக்கத்தக்க கேள்வியன்று. எந்தச் செடிக்கு? எவ்வளவு கழுநீர்? முதற் கழுநீரா, இரண்டாங் கழுநீரா? நல்லது என்றால் உயரமா, இலைகளின் எண்ணிக்கையா, எடையா? எத்தனை நாளைக்குப் பின்? இவற்றையெல்லாம் வரையறுத்துக் கொண்டாலன்றி, முடிவில் எவரும் எதையும் சொல்லலாம் என்னும் நிலை வந்துவிடும். கறிவேப்பிலையோ மெதுவாக வளர்வது. நம்மிடம் இருப்பதும் ஒரே செடி. ஆகவே விரைவில் முளைக்கும் வெந்தயத்தைத் தேர்ந்தெடுத்தோம். இவ்வூர்ப் பிள்ளைகள் மேத்தி என்று அழைக்கும் அக்கீரைக்கு விதை எந்த வீட்டிலும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. கேள்வி இவ்வாறு அமைந்தது: “நாள்தோறும் முதற் கழுநீர் பெறும் வெந்தயச் செடி, அதே அளவு குழாய்நீர் பெறும் வெந்தயச் செடியைவிடப் பன்னிரண்டாம் நாளில் உயரமாக இருக்குமா?” ஆம் அல்லது இல்லை என்று செடியே விடை சொல்லக்கூடிய கேள்வி இது.

கேள்விக்கு அடுத்தபடி, நாம் எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். இதனைக் கருதுகோள் என்பர். முன்னரே எழுதிவைப்பது ஏனெனில், முடிவு வந்த பின்னர் “நான் அப்போதே நினைத்தேன்” என்று சொல்லிக்கொள்வது மனித இயல்பு. எழுதிய தாள் அதற்கு இடங்கொடாது.

ஒப்புநோக்கின்றி அறிவில்லை

கழுநீர் ஊற்றிய செடி செழித்தது என்பதை மட்டும் கண்டு பயனில்லை. கழுநீர் இன்றியும் அது செழித்திருக்கலாம் அன்றோ? ஆகவே அருகில் கழுநீர் பெறாத செடி ஒன்று இருந்தே தீரவேண்டும். சோதனை முறையின் உயிர்நாடி இவ்வொப்புநோக்கே.

இதற்கு வரலாற்றில் இரு எடுத்துக்காட்டுகள் சொல்லலாம். அழுகிய இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று முன்னோர் பலர் நம்பினர். இத்தாலி நாட்டுப் பிரான்செஸ்கோ ரெடி என்பார் 1668ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் எளிய சோதனையை விவரித்தார். இறைச்சியிட்ட கலங்களுள் சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் மட்டுமே புழுக்கள் கண்டன. காற்றுப் புகாமையால்தான் மூடிய கலத்தில் புழு தோன்றவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். எனவே காற்றுப் புகவும் ஈ புகாதிருக்கவும் மெல்லிய வலைத்துணி கட்டிய கலங்களையும் வைத்தார். அவற்றின் இறைச்சியிலும் புழு இல்லை. ஈக்களின் முட்டைகளே புழுக்களுக்குக் காரணம் என்பது விளங்கிற்று. எதிர்ப்பாளர் சொல்லக்கூடிய மறுப்பை முன்னரே எண்ணி அதற்கும் ஒரு கலம் வைத்தாரே, அதுதான் கற்கத்தக்கது.

இரண்டாவது, கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்டு செய்தது. நெடுநாட் கடற்பயணம் செய்யும் மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் கொடுமையாக வாட்டியது. ஈறு வீங்கிக் குருதி கசியும்; உடல் தளரும்; பலர் மாண்டனர். 1747ஆம் ஆண்டு மே மாதம் சாலிஸ்பரி என்னும் கப்பலில் லிண்டு அந்நோயாளிகள் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தார். கூடியவரை ஒரே நிலையில் இருந்தவர்களையே எடுத்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, ஒரே பொது உணவை அளித்தார். பிறகு இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிற்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஒரு பிரிவிற்கு ஆப்பிள் மது, ஒன்றிற்குக் காடி, ஒன்றிற்குக் கடல்நீர் என இவ்வாறு சென்ற வரிசையில், ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்றனர். பழம் உண்ட இருவரும் மற்றெவரினும் விரைவாகத் தேறினர். ஒருவர் ஆறு நாளில் வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். ஆயினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795ஆம் ஆண்டிலேதான். உண்மை கண்டறியப்படுதல் ஒன்று. உலகம் அதனை ஏற்றல் மற்றொன்று.

ஒன்றை மட்டும் மாற்றுக

லிண்டு செய்த ஏற்பாட்டில் மருந்து ஒன்றுதான் மாறியது. ஏனைய யாவும் ஒன்றாகவே இருந்தன. மாணாக்கர் மறவாது கொள்ளவேண்டிய விதி இது. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று எவராலும் கூறவியலாது.

நம் வீட்டில் ஒரே அளவுள்ள 12 காகிதக் குவளைகளை எடுத்துக்கொண்டோம். ஒரே குவியலிலிருந்து சலித்தெடுத்த மண்ணை ஒரே மட்டத்திற்கு நிரப்பினோம். ஒவ்வொன்றிலும் ஒரே பொட்டலத்திலிருந்து பத்து விதைகளை ஒரே ஆழத்தில் இட்டோம். காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றிற்கும் இரண்டு மேசைக்கரண்டி நீர். ஆறு குவளைக்குக் குழாய்நீர். ஆறு குவளைக்குக் கழுநீர். மாற்றுவது நீரை மட்டும்; அளப்பது உயரத்தை மட்டும்; மற்றவை யாவும் மாறாதவை. இம்மூன்றையும் மகள் மூன்று பத்திகளாக நோட்டில் வரைந்துகொண்டாள்.

ஒரு குவளைக்கு ஒரு குவளை போதாதா, ஆறுக்கு ஆறு எதற்கு என்று இளைய மகன் கேட்டான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒரே உயரமாக வளர்வதில்லை. விதையும் அவ்வாறே. ஒரு குவளையை மட்டும் நம்பினால், வலுவிழந்த விதைகள் அதில் அமைந்த பாவத்தைக் கழுநீர் சுமக்க நேரும். பல குவளைகள் இருந்தால்தான் இயல்பான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பது தெரியும். லிண்டின் சோதனையிலுள்ள குறையும் இதுவே. பிரிவுக்கு இருவர் என்பது மிகச் சிறிய தொகை.

சீட்டுக் குலுக்கலின் சிறப்பு

இனி, எந்தக் குவளைக்குக் கழுநீர் என்பதை யார் முடிவு செய்வது? மகள் தானாகவே தேர்ந்தால், அறியாமலேயே வெயில் நன்கு படும் இடத்துக் குவளைகளைப் பாட்டியின் கழுநீருக்கு ஒதுக்கிவிடலாம். அன்பு கண்ணை மறைக்கும். ஆகவே குவளைகளை இரண்டிரண்டாக ஆறு இடங்களில் வைத்து, ஒவ்வொரு இணையிலும் எது கழுநீருக்குரியது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தோம். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயல், இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானத்தின் மிகச் சிறந்த கருவிகளுள் ஒன்று. தமிழகத் தலைநகரிலேயே அதனால் விளைந்த பெரும்பயன் ஒன்றை நம்மவர் பலர் அறியார்.

காசநோய் வந்தவரை ஆண்டுக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து, படுக்கையில் ஓய்வும் சத்துணவும் கொடுப்பதே முன்னாளைய மருத்துவமுறை. சென்னைப் புறநகர் இரயில் நிலையம் ஒன்று இன்றளவும் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்கி வருவது அக்காலத்தின் அடையாளம். உழைத்துச் சோறு போடும் தந்தையோ, கைக்குழந்தையின் தாயோ ஓராண்டு வீட்டைவிட்டுப் பிரிந்திருந்தால் அக்குடும்பம் என்னாகும்? அன்றியும், நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகள் எங்கே? புதிய மருந்துகள் வந்தபின், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. போதாது என்பாரும் போதும் என்பாரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டினர்.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் கைகோத்தன. நகரின் ஏழை மக்களுள் 193 நோயாளிகளைக் கொண்டு சோதனை நடந்தது. யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்திற்குச் செல்வது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை; குலுக்கல் முறையே தீர்மானித்தது. இவ்வாறு செய்யாதிருந்தால் நோய் முற்றியவரைச் சானடோரியத்திற்கும், நலமுள்ளவரை வீட்டிற்கும் அனுப்புவது மருத்துவர் மனத்திற்கு இயல்பாகத் தோன்றியிருக்கும்; பிறகு ஒப்புநோக்குக்குப் பொருளே இராது. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டுக்காலம் இரு சாராரும் அதனைப் பெற்றனர். மருந்து எவருக்கும் மறுக்கப்படவில்லை என்பதையும் நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். வீட்டிலிருந்தோர் மருந்தை மெய்யாகவே உண்கின்றனரா என்பதைச் சிறுநீர்ச் சோதனையாலும் முன்னறிவிப்பின்றிச் சென்றும் பார்த்தனர்.

சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவு, ஓய்வு, செவிலியர் பணிவிடை. வீட்டிலிருந்தோருக்கோ நெருக்கடியான குடியிருப்பு, எளிய உணவு, அன்றாட வேலை. ஓராண்டு முடிவில், நோய்க்கிருமி அடங்கிய நிலையை எய்தியவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். இவ்வளவு வசதிக்குறைவிலும் வேறுபாடு இத்துணைச் சிறிதே என்பது மருத்துவ உலகை வியக்கவைத்தது. முடிவுகள் 1959ஆம் ஆண்டு வெளியாயின. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவியதா என்பதையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். அவ்வாறு மிகவில்லை என்பது தெளிவாயிற்று. அதன் பின்னர்ப் பல நாடுகளில் காசநோயாளர் தம் மக்களைப் பிரியாமல் வீட்டிலிருந்தே குணமடையும் வழி பிறந்தது. எத்தனை குழந்தைகள் தாயின் மடியை இழவாதிருந்தன! அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு குலுக்கல். அந்நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

தற்செயல் என்னும் மாயம்

ஒருவர், “பாலை முதலில் ஊற்றி டிகாக்ஷனைச் சேர்த்த காப்பிக்கும், டிகாக்ஷனை முதலில் ஊற்றிய காப்பிக்கும் சுவை வேறு, குடித்த மாத்திரத்தில் சொல்வேன்” என்கிறார் என வைத்துக்கொள்வோம். எப்படிச் சோதிப்பது? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர் என்னும் கணித அறிஞர், தேநீரைப் பற்றி ஒரு பெண்மணி சொன்ன இத்தகைய கூற்றையே எடுத்துக்கொண்டு, சோதனை அமைப்பைப் பற்றி 1935இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

ஒரு கோப்பை கொடுத்துக் கேட்டால், ஒன்றுமறியாதவரும் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லிவிடலாம். ஆகவே எட்டுக் கோப்பைகள். நான்கு ஒருவகை, நான்கு மற்றொரு வகை. குலுக்கல் முறையில் வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. அவற்றுள் ஒன்றே முழுதும் சரியானது. வெறும் ஊகத்தால் அதனைச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பே உண்டு; எனவே எட்டையும் சரியாகச் சொன்னால் அவர் நாவை மதிக்கலாம். நான்கில் மூன்றை மட்டும் கண்டுபிடித்தால்? மூன்றேனும் சரியாக அமையும் வழிகள் 70இல் 17. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அது தற்செயலாகவே நிகழலாம், பாராட்ட இடமில்லை. எவ்வளவு நிகழ்ந்தால் ஏற்பது என்பதைச் சோதனைக்கு முன்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பதே இதன் பாடம். விடுமுறை நாளில் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க நல்ல விளையாட்டு இது. காப்பிதான் சற்றுச் செலவாகும்.

கோப்பையைக் கொடுப்பவர் முகத்திலிருந்து குறிப்புக் கிட்டாதிருத்தலும் வேண்டும். அவ்வாறே அளப்பவருக்கும் எது எது என்று தெரியாதிருத்தல் நலம். நம் வீட்டுக் குவளைகளுக்கு அடிப்பக்கத்தில் எண் மட்டும் இட்டு, நீரூற்றுவதில் பங்குகொள்ளாத இளைய மகனைக் கொண்டே பன்னிரண்டாம் நாள் அளக்கச் செய்தோம். எந்த எண்ணுக்கு எந்த நீர் என்பது மகளின் நோட்டில் இருந்தது, அவன் அறியான்.

நோட்டுப் புத்தகம் பொய் சொல்லலாகாது

முடிவு என்னவாயிற்று? இருவகைக் குவளைகளின் சராசரி உயரத்திற்கும் இடையே அரை விரற்கடை வேறுபாடுகூட இல்லை. குழாய்நீர்க் குவளைகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று அதனினும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. கழுநீரால் வெந்தயம் உயர்ந்தது என்று சொல்ல வழியில்லை.

மகளின் முகம் வாடிவிட்டது. மறுநாள் மாலை நோட்டைக் கொண்டுவந்து, “அப்பா, இந்த மூன்று எண்களை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்ளட்டுமா? கழுநீர் ஜெயித்தால்தான் எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் யார் பரிசு கொடுப்பார்கள்? பாட்டிக்கும் சந்தோஷமாக இருக்கும்” என்றாள். கண்களில் நீர் தளும்பியது.

அவள் கேட்டது சிறு பிள்ளையின் ஆசை என்று தள்ளிவிடத்தக்கதன்று. பெரிய ஆராய்ச்சியாளர் சிலரையும் வீழ்த்திய ஆசை அது. இதற்கு விடை சொல்ல நமக்குத் தெரிந்த வழி நம் தொழிலின் வழிதான். இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாம் நாள்தோறும் பதிவேடுகளோடு பழகுகிறோம். பதிவேட்டில் எழுதிய எண்ணின்மேல் எண் எழுதலாகாது. சுரண்டி அழித்தலும் ஆகாது. பிழை நேர்ந்தால், பழைய எண் தெரியுமாறு ஒரே கோடு கிழித்து, அருகில் சரியான எண்ணை எழுதிக் கையொப்பமிடவேண்டும். ஏனெனில் அவ்வேட்டை நாளை வேறொருவர் நம்பிப் பணம் கொடுப்பார், வண்டி அனுப்புவார். அவர் நம்மைக் கண்டதில்லை. நம் எழுத்தை மட்டுமே கண்டார். “அம்மா, உன் நோட்டையும் அப்படி ஒருவர் நம்புவார். கழுநீர் ஊற்றினால் போதும், எருவே வேண்டா என்று ஓர் ஏழை விவசாயி நினைத்துவிட்டால் அந்த நஷ்டம் யாரைச் சேரும்?” என்று கேட்டோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. எண்கள் இருந்தபடியே இருந்தன.

பாட்டியிடம் இதனைச் சொல்லும் பொறுப்பு அவளுடையதாயிற்று. தயங்கித் தயங்கிச் சொன்னாள். நம் தாயார் கோபிக்கவில்லை. பன்னிரண்டு குவளைகளையும் கூர்ந்து பார்த்தார். பிறகு, “ஏன் கண்ணு, முளைவிட்ட பத்து நாளில் விதைக்குள்ளே இருக்கிற சத்தே செடிக்குப் போதுமே. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பார்த்துவிட்டுச் சோற்றில் பலமில்லை என்பாயா? என் கறிவேப்பிலை மூன்று வருஷத்துச் செடி. இதை இன்னும் ஒரு மாதம் வளர்த்துப் பார்” என்றார்.

பள்ளிக்கூடத்தையே அறியாத அம்மூதாட்டியின் சொல்லில் விஞ்ஞான முறையின் ஒரு முக்கியமான கூறு அடங்கியிருந்தது. முளைக்கும் பயிர் முதலில் விதையிலுள்ள சேமிப்பை உண்டே வளர்கிறது என்பது தாவர நூலார் ஒப்பும் உண்மை. நம் சோதனை பன்னிரண்டு நாள் வெந்தயத்தைப் பற்றி மட்டுமே பேசியது. மூன்றாண்டுக் கறிவேப்பிலையைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. ஒரு சோதனை எதைச் சொல்கிறதோ அதற்கு மேல் ஓர் அடியும் செல்லலாகாது. மேலும், விடை இல்லை என்று வந்த சோதனை தோற்ற சோதனையன்று. அது அடுத்த கேள்வியை ஈன்றது. மகள் தன் அறிக்கையின் இறுதியில் பாட்டியின் மறுப்பையும் எழுதினாள். பரிசு வேறொரு பிள்ளையின் எரிமலைக்குச் சென்றது. அதுபற்றி நமக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டோம். எனினும் அந்த நோட்டு நம் வீட்டு அலமாரியில் நிலப்பத்திரத்தோடு இருக்கிறது.

தமக்குத் தாமே எதிராளி

தம் கருத்துக்கு எதிரான விளக்கத்தைத் தாமே தேடிச் சோதித்தல் ஆராய்ச்சியாளரின் தலையாய பண்பு. இதற்குச் சர் சி. வி. இராமன் அவர்களே சான்று. அவர் 1907ஆம் ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றபோது இருபது வயதும் நிரம்பவில்லை. நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானார்.

திரவங்களின் வழியே சிதறும் ஒளியில் நிறம் மாறிய மெல்லிய ஒளி ஒன்று கலந்திருப்பதை அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் 1923ஆம் ஆண்டிலேயே நீரில் கண்டார். திரவத்திலுள்ள அழுக்கினால் தோன்றும் ஒளிர்வு அது என்று எண்ண இடமிருந்தது. அப்படியானால் தூய்மை செய்யச் செய்ய அது குறையவேண்டும். மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் அது நீங்கவில்லை. 1928இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஏறத்தாழ 60 திரவங்களில் அதனைச் சோதித்தனர். எல்லாவற்றிலும் அது கண்டது. சாதாரண ஒளிர்வுக்கு மாறாக, அது ஒரு திசையில் அதிரும் தன்மையை மிகுதியாகக் காட்டிற்று. எளிய விளக்கங்கள் ஒவ்வொன்றாக விலகிய பின்னரே புதியதொரு நிகழ்ச்சி என்று அறிவித்தனர். 1930இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் அதற்குமுன் கழிந்த ஆண்டுகள், “இது வேறு எதனாலாவது இருக்குமோ?” என்று தம்மைத் தாமே கேட்ட ஆண்டுகள்.

செகந்திராபாத்தில் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்ட ரொனால்டு ராஸ் என்பாரின் வரலாறும் பொறுமைக்கு மற்றொரு சான்று. பொருந்தாத இனக் கொசுக்களை ஈராண்டுக்காலம் அறுத்து அறுத்து ஒன்றும் காணாத பின்னரே அவர் உரிய இனத்தை அடைந்தார்.

இதனால் வீட்டிற்கு என்ன?

பிள்ளைகள் எல்லாரும் விஞ்ஞானிகள் ஆகப்போவதில்லை. ஆனால் எல்லாரும் மருந்து வாங்குவர், விளம்பரம் படிப்பர், கைப்பேசியில் வரும் செய்திகளைக் காண்பர். நம் நெருங்கிய உறவினர் ஒருவர் நீரிழிவு நோயர். மூவர் ஒரு சூரணத்தால் முற்றும் குணமடைந்தனர் என்று வந்த செய்தியை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில திங்களில் காலிற் புண் தோன்றி ஆறாமல், ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. அச்செய்தியைக் கண்டவுடன் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. சூரணம் உண்டவர் மொத்தம் எத்தனை பேர்? அவருள் குணமாகாதவர் எத்தனை? உண்ணாதவரோடு ஒப்பிட்டார்களா? அவர்கள் மாத்திரையையும் உடன் உண்டனரா? அளந்தவர் யார்? அவருக்கு அதனால் ஊதியம் உண்டா? ஆறு குவளை வெந்தயம் வளர்த்த பிள்ளை இக்கேள்விகளைத் தானே கேட்கும். அப்படிக் கேட்கும் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்திருக்கலாகாதா என்று நாம் எண்ணுவதுண்டு.

நம்மவர் வீடுகளில் சோதனைக்குரிய பொருளுக்குக் குறைவில்லை. வடநாட்டுப் பனிக்காலத்தில் தோசைமாவு புளிக்க மறுக்கிறது. கம்பளி சுற்றி வைத்தல், வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிறுத்துதல் இவற்றுள் எது மேல்? ஒரே மாவை ஒரே அளவுள்ள கண்ணாடிக் குடுவைகளில் இட்டுக் கோடு கிழித்து வைத்தால் மாவே சொல்லும். மண்பானை நீர் எத்தனை பாகை குளிர்கிறது? வறண்ட நாளிலும் மழை நாளிலும் அது மாறுமா? ஊறவைத்த பயறு இருட்டில் விரைந்து முளைக்குமா, வெளிச்சத்திலா? மனிதரிடமும் விலங்குகளிடமும் மருந்தோ வேறு தீங்கு தரக்கூடிய பொருளோ கொடுத்துச் சோதிக்கும் எண்ணம் மட்டும் பிள்ளைகளுக்கு வரலாகாது; அது கற்றறிந்தோர், உரிய அனுமதியும் ஒப்புதலும் பெற்றுச் செய்யவேண்டியது.

பெற்றோர் செய்யவேண்டுவது சிறிதே. விடையைத் தாமே சொல்லிவிடாதிருத்தல். அடுக்களையில் சிறிது இடம் கொடுத்தல். எண்களைத் திருத்தச் சொல்லாதிருத்தல். சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் கோலப்போட்டிக்கும் திருக்குறள் ஒப்புவித்தலுக்கும் இடமளிப்பது போல, பிள்ளைகளின் சோதனை நோட்டுகளுக்கும் ஒரு மேசை ஒதுக்குவார்களாக. பொம்மை வேண்டா, நோட்டு மட்டும் போதும். பரிசு கொடுப்பதாயின், விடை சரியாக வந்த பிள்ளைக்கன்று, கோடு கிழித்த எண்களையும் மறையாமல் வைத்த பிள்ளைக்குக் கொடுப்பார்களாக.